இன்ஜின் மாற்றிய பழைய கார் ஐட்லிங்கில் உதறினால்

இன்ஜின் மாற்றிய பிறகு கார் ஐட்லிங்கில் உதறினால், பழி உடனே புதிதாக வந்த இன்ஜின் மேல் விழும். இறக்கி ஏற்றும்போது கழற்றி மாட்டியவற்றை எண்ணிப் பாருங்கள்: வேக்கம் ஹோஸ்கள், எர்த் ஒயர்கள், சென்சார் சாக்கெட்டுகள், இன்டேக் கேஸ்கெட், பழைய இன்ஜினிலிருந்து எடுத்துப் பொருத்திய டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி. கை பட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். ஐட்லிங் ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றினால் உதறல் அடங்கியதுபோல் தெரியும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

இன்ஜின் மிஸ் அடிக்கிறதா (ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறதா), அல்லது அது சீராக ஓடி அதிர்வு மட்டும் பாடிக்கு வருகிறதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, சைலன்ஸர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். புகை ஒரே தாளத்தில் வந்து மோதினால் சிலிண்டர்கள் வேலை செய்கின்றன. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனால் மிஸ்.

தாளம் சரியாக இருந்தால் மவுண்டிங்குகளைப் பாருங்கள். இன்ஜினை ஏற்றும்போது ஒரு மவுண்டிங்கை முறுக்கிய நிலையிலேயே டைட் வைத்திருப்பார்கள். இன்ஜினை அணைத்து, போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, இன்ஜினை நாலு தடவை ஆட்டி உட்காரவிட்டு மறுபடி டைட் வையுங்கள். சைலன்ஸர் பைப் பாடியில் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அதிர்வும் ஏறினால் விஷயம் பெரிது. சில இன்ஜின்களுக்கு பேலன்ஸ் எடை ஃப்ளைவீலிலேயே இருக்கும். வேறு இன்ஜினின் ஃப்ளைவீல் மாட்டப்பட்டிருந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் தீராது.

மிஸ் என்றால் வேக்கம் லீக்கிலிருந்து, அதாவது இன்டேக் பக்கத்தில் கணக்கில் வராத காற்று புகும் ஓட்டையிலிருந்து, தொடங்குங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் வேக்கம் கேஜ் மாட்டினால், சூடேறிய நல்ல இன்ஜின் கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், முள்ளும் ஆடாது. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் தாழ்வாக அசையாமல் நின்றால் லீக் அல்லது பின்தங்கிய டைமிங் (பிளக்கில் பொறி தாமதமாக வருவது). ஒரே இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு சரியாக உட்காரவில்லை.

அதிகம் ஏமாற்றுவது பிரேக் பூஸ்டர் (வேக்கத்தால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) ஹோஸ்தான். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும். வளைவின் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினால்தான் வெடிப்பு தெரியும். ரப்பர் கெட்டித்துப்போன ஹோஸை இடுக்கியால் நசுக்கிச் சோதித்தால் அதுவே உடைந்துவிடும். கழற்றி மேனிஃபோல்ட் பக்கத் துளையை அடைத்துப் பாருங்கள். உதறல் நின்றால் ஹோஸோ பூஸ்டரோதான் காரணம். அடைத்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், பிரேக் கல்லாக இருக்கும்.

மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சோதிக்கப் பலர் கார்ப் க்ளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். தண்ணீர் ஸ்ப்ரே போதும். லீக் உள்ள இடத்தில் பட்டதும் ஐட்லிங் மாறும். கேஸ்கெட்டை மாற்றினால் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்குங்கள். ஓபிடி2 (ஸ்கேனர் மாட்டிக் கோளாறு படிக்கும் வசதி) உள்ள காரில் ஸ்கேனர் வேலையைச் சுருக்கும்: ஃப்யூல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் அது வேக்கம் லீக்.

அடுத்தது எர்த். மாற்று இன்ஜினுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் எர்த் ஒயர் பெயின்ட் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பில் மாட்டுங்கள்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பல கார்களில் இரண்டு இருக்கும், ஒன்று மீட்டருக்கு, மற்றது ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு). வந்த இன்ஜினில் இருந்த சென்சார் வேறு மாடலுடையதாகவும் இருக்கலாம். பல சென்சார்கள் 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம் காட்டும். இன்ஜின் குளிராக இருக்கிறது என்று ஈசியூ நினைத்தால் பெட்ரோலை அள்ளிக் கொட்டும், பிளக்கெல்லாம் கரி பிடிக்கும்.

பிளக் ஒயர் வரிசையையும் சரிபாருங்கள். நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. டைமிங்கை இன்ஜின் சூடான பிறகு, வேக்கம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்லாட்டின் கடைசி வரை திருப்பியும் மார்க் சேரவில்லை என்றால் பல் மாறி இறங்கியிருக்கிறது. டைமிங் பெல்ட்டைச் சந்தேகித்தால் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்குகளைப் பாருங்கள்.

எந்த சிலிண்டர் மிஸ் என்று கண்டுபிடிக்க, ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்காதீர்கள். காயில் கெடும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றும், கையிலும் ஷாக் அடிக்கும். இன்ஜெக்ஷன் காரில் இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியும் ஆர்பிஎம் இறங்கவில்லையோ அதுதான் படுத்த சிலிண்டர்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று கேஜில் பார்ப்பது. எல்லா பிளக்கையும் எடுத்து, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றும் முன் டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வை அழுத்தும் பாகத்துக்கு விடும் சிறு இடைவெளி) அளவெடுங்கள், கிளியரன்ஸ் இல்லாமல் இறுகியிருந்தாலும் இதே அளவுதான் வரும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

கார்புரேட்டர் வண்டியில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்கார்த்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வேக்கம் கேஜ் உச்சம் காட்டும் இடத்தில் விடுங்கள். திருகியும் மாற்றமே இல்லை என்றால் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவை இப்போது தொடலாம். பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கர் சொல்லும் ஆர்பிஎம்முக்கு வைத்துவிடுங்கள்.