ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு

மொட்டை மாடியில் கிடந்த சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாயிற்று. அப்படியும் பட்டப்பகலில் கொசு கடிக்கிறதா? ஃப்ரிட்ஜை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். பின்பக்கம், கம்ப்ரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் பனி அதில்தான் சொட்டும். எங்கள் வீட்டுத் தட்டில் டார்ச் அடித்தபோது நாலைந்து புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. லேசாகத் தட்டியதும் நெளிந்துகொண்டே அடியில் போய் ஒளிந்தன.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறை கட்டாயம் கழுவ வேண்டும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் சூடு ஆறிய பிறகு, தேங்காய் நாரால் ஓரங்களை அழுத்தித் தேயுங்கள். தட்டு கழலாத மாடல் என்றால் பழைய துணியால் ஒற்றி எடுத்துத் துடைக்கலாம்.

அப்புறம், ஜன்னலில் வைத்த மணி பிளான்ட் பாட்டில்? அதையும் கழுவிவிடுங்கள்.