மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஜேர்மனியின் இரண்டாம் லீக்கைப் பார்ப்பது எப்படி

ஜேர்மனி உதைபந்தாட்டம் என்றால் இங்கே பெரும்பாலானோருக்குப் பயர்ன் மியூனிக் மட்டும்தான். நான் பார்ப்பது அதற்கு ஒரு படி கீழே, இரண்டாம் புண்டெஸ்லிகா. கல்லடியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு மருமகன்தான் காரணம். அண்ணன் குடும்பம் கைசர்ஸ்லவுட்டர்ன் நகரில் இருக்கிறது. போன் எடுத்தால் "மாமி, மெட்ச் பார்த்தீங்களா?" என்றுதான் அவன் தொடங்குவான். வேறு எதைக் கேட்டாலும் ஓம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவான்.

முதலில் ஒரு அணியைப் பிடியுங்கள். பதினெட்டையும் பார்க்க வெளிக்கிட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. பழைய கதை உள்ள அணி நல்லது. கைசர்ஸ்லவுட்டர்னையே எடுங்கள். 1954 உலகக் கிண்ணம் வென்ற ஜேர்மனியின் கெப்டன் ஃபிரிட்ஸ் வால்டரின் கழகம் அது. குன்றின் மேல் இருக்கும் மைதானத்துக்கும் அவர் பெயர்தான். 1997இல் இரண்டாம் லீக்கில் இருந்து மேலே போய், அடுத்த வருடமே முதல் லீக் சம்பியன் ஆனார்கள். மறுகா மூன்றாம் லீக் வரை விழுந்து, 2022இல்தான் இரண்டாவதுக்கு ஏறினார்கள். இப்படி ஏறி இறங்கிய கழகங்கள் நிறைய இருப்பதால்தான் எனக்கு இந்த லீக் முதல் லீக்கைவிட ருசிக்கிறது.

அடுத்தது நேரம். ஒக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மற்ற மாதங்களில் மூன்றரை. வழமையான வார இறுதியில் வெள்ளி மெட்ச் இரண்டும் நமக்கு இரவு 10 மணிக்கு, மாரி காலத்தில் 11க்கு. சனிக்கிழமை மூன்று மெட்ச் பின்னேரம் 4.30க்கு, மாரியில் 5.30க்கு. ஞாயிறு மூன்று மெட்ச் 5 அல்லது 6 மணிக்கு. சனி இரவில் இருக்கும் ஒற்றை மெட்ச் மட்டும் நள்ளிரவு 12 அல்லது 1 மணிக்கு. அதை விட்டுவிடுங்கள், காலையில் கோல்களை மட்டும் பார்த்தால் போதும். சனி பின்னேர மெட்ச்தான் எனக்கு வாய்ப்பு. பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துக்கொண்டே, போனை நூல் பெட்டியில் சாய்த்து வைத்து, லீக்கின் இணையதளத்தில் ஓடும் எழுத்து வர்ணனையைப் பார்ப்பேன். அதற்கு டேட்டாவும் அதிகம் போகாது. மழையில் கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இருந்தால் போதும்.

ஒரு விசயம். அட்டவணை வெளியானதும் சீசன் முழுவதற்குமான நேரங்களை எழுதி வைக்காதீர்கள். எந்த வாரம் யாருக்கு யார் என்பதுதான் முதலில் தெரியும். எந்த நாள், எத்தனை மணி என்பதைப் பிறகு பகுதி பகுதியாகத்தான் அறிவிப்பார்கள்.

அப்புறம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இதுதான் முக்கியம். போனில் அட்டவணை இருக்கிறதே என்பீர்கள். கையால் எழுதினால்தான் எந்த அணி வழுக்குகிறது என்று பிடிபடும். மொத்தம் 34 சுற்று, சுற்றுக்கு ஒரு பக்கம். ஆடியது, வென்றது, சமம், தோற்றது, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி என்று கோடு போடுங்கள். இரண்டாம் இடத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு, மூன்றாம் இடத்துக்குக் கீழே இன்னொன்று. பதினைந்துக்கும் பதினாறுக்கும் கீழேயும் அப்படியே. முதல் இரண்டு அணிகள் நேரே மேலே போகும். மூன்றாவது அணி முதல் லீக்கின் 16ஆவது அணியோடு இரண்டு மெட்ச் மோதி மேலே போகப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டும் மூன்றாம் லீக்குக்கு விழும். 16ஆவது அணி மூன்றாம் லீக்கின் மூன்றாவது அணியோடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். சம்பியன் யார் என்பதைவிட இந்த நாலு கோட்டைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள்.

கோடு எவ்வளவு பொல்லாதது என்று ஹம்பேர்க் ரசிகரிடம் கேட்டால் சொல்வார்கள். முதல் லீக்கை விட்டு ஒருநாளும் விழாத கழகம் 2018இல் விழுந்தது. தொடர்ந்து மூன்று முறை நாலாம் இடம். 2023 மே 28, கடைசி நாள். சாண்ட்ஹவுசனில் 1-0 என்று வென்று, மேலே போயாச்சு என்று ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் ரேகன்ஸ்பூர்க்கில் ஹைடன்ஹைம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. 2-0 என்று பின்தங்கி இருந்த அணி, 93ஆவது நிமிடத்தில் பெனால்டியில் சமன் செய்தது. அப்போதும் மூன்றாம் இடம்தான். 99ஆவது நிமிடத்தில் கிளைன்டீன்ஸ்ட் ஒரு கோல் அடித்தார். ஹைடன்ஹைம் நேரே முதலாம் இடம்! டார்ம்ஸ்டாட்டும் அதே 67 புள்ளி. கோல் வித்தியாசத்தில் சம்பியன் பட்டம் ஹைடன்ஹைமுக்கு. மூன்றாவதாகிப்போன ஹம்பேர்க், முதல் லீக்கின் 16ஆவது அணியான ஸ்டுட்காட்டிடம் இரண்டு மெட்ச்சும் தோற்று, இன்னும் இரண்டு வருடம் கீழேயே கிடந்தது. 2025இல்தான் ஏறினார்கள்.

அதனால் கடைசிச் சுற்று நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது மெட்ச்சும் ஞாயிறு இரவு 7 மணிக்கு ஒரே நேரத்தில் தொடங்கும். உங்கள் அணியின் மெட்ச்சோடு, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு அணியின் மெட்ச்சையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் பென்சில் இருக்கட்டும், பேனை வேண்டாம். 90 நிமிடம் ஆனதும் கொப்பியில் நிரப்பிவிடாமல், எல்லா இடத்திலும் விசில் ஊதும் வரை பொறுங்கள்.

மூன்றாவது அணியும் 16ஆவது அணியும் ஆடும் அந்த மோதல் மெட்ச்கள் பெரும்பாலும் நமக்கு நள்ளிரவு 12க்குத்தான். முதல் மெட்ச்சைத் தூங்கிவிட்டு, இரண்டாவதுக்கு விழித்திருங்கள். மேலதிக நேரமும் பெனால்டியும் வந்தால் மூன்று மணியை நெருங்கிவிடும். அடுத்த நாள் கடையைப் பத்து மணிக்குத் திறக்கலாம் என்று வாடிக்கையாளர்களிடம் முதலே சொல்லி வைப்பது நல்லது.