‘பிக் அப்’: பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘பிக் அப்’ என்றால் எடுப்பது, தூக்குவது என்று மட்டும் வைத்துக்கொண்டால் பல வாக்கியங்கள் புரியாது. முதலில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சேல்ஸ் பிக்ட் அப்’ என்பதில் அது இல்லை. விற்பனை சூடு பிடித்தது என்று பொருள். காற்று வலுப்பதற்கும் இதே அமைப்புதான்: ‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்’.

செயப்படுபொருள் இருந்தால், அது எது என்பதே பெரும்பாலும் அர்த்தத்தை முடிவு செய்யும். போன் என்றால் எடுத்துப் பேசுவது. குழந்தை என்றால் தூக்குவது. ‘ஃப்ரம் ஸ்கூல்’ சேர்ந்தால் போய் அழைத்து வருவது. சளி என்றால் தொற்றிக்கொள்வது. மொழி என்றால் வகுப்புக்குப் போகாமல், கேட்டுப் பழகிக் கற்பது; பாடமாகப் படித்ததற்கு ‘லெர்ன்ட்’ போடுவதே சரி. அறிமுகமில்லாத ஒருவரை பாரில் ‘பிக் அப்’ செய்தார் என்றால் பாலியல் நோக்கம் தொனிக்கும். ஆகவே வண்டியில் ஏற்றிக்கொண்டதைச் சொல்லும்போது ‘ஃப்ரம் த ஸ்டேஷன்’ என்று இடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

நம்மவர் அதிகம் தடுமாறுவது சொல்வரிசையில். ‘பிக் அப் த பார்சல்’, ‘பிக் த பார்சல் அப்’ இரண்டும் சரி. ஆனால் இட், ஹிம், ஹெர், தெம் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் இட்’ தவறு. இறந்தகாலம் வினையில்தான் ஏறும்: ‘பிக்ட் அப்’.

‘பிக் அப் ஆன்’ என்பது தனி. வாய்விட்டுச் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது அது. அதைப் பிரிக்க முடியாது; அங்கே ‘இட்’ கடைசியில் வரும்: ‘ஷி பிக்ட் அப் ஆன் இட்’.