சிமெண்டைக் குறைத்தது சரி, தண்ணீரை ஏன் நிறுத்தினீர்கள்?

இப்போது வேலைக்கு வரும் இளம் இன்ஜினியர்களிடம் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. எவ்வளவு கார்பன் வெளியேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிக்ஸ் டிசைனில், அதாவது கான்கிரீட் கலவையின் அளவுகளில், கை வைக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. 1450 டிகிரி வரை சூடாகும் சூளையில் சுண்ணாம்புக்கல் கிளிங்கராக (அரைத்தால் சிமெண்டாகும் கட்டியாக) மாறும்போது, எரிபொருளின் புகையைவிடக் கல்லுக்குள்ளேயே இருக்கும் வாயுதான் அதிகம் வெளியேறுகிறது. அதனால் எரிபொருளை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது, கிளிங்கரையே குறைத்தாக வேண்டும். ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சைட்டுக்குப் போனால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் அப்படியே நடக்கின்றன. கவர் பிளாக் வைக்காதது, வைப்ரேட்டர் போடாதது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். காகிதத்தில் மிச்சம் பிடித்த கார்பனை சைட்டில் தொலைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## பயத்துக்கு இரண்டு மூட்டை

'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதல் சிமெண்ட் போடுவது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 நடுத்தரச் சூழலில் இருக்கும் கம்பி கான்கிரீட்டுக்கு ஒரு கனமீட்டருக்குக் குறைந்தபட்சம் 300 கிலோ சிமெண்ட் கேட்கிறது. ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்), ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சேர்க்காமல் 450 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த மேல் வரம்பைப் பலர் படிப்பதே இல்லை. சிமெண்ட் கூடினால் உள்ளே சூடு கூடும், சுருக்கம் கூடும், வெடிப்பு வரும். ஜல்லியின் அளவுப் பங்கீட்டைச் சரிசெய்து, நல்ல அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) போட்டாலே பல இடங்களில் ஒரு கனமீட்டருக்கு அரை மூட்டைக்குக் குறையாமல் மிச்சமாகும்.

## லாரியில் ஹோஸ் பைப்

340 கிலோ சிமெண்டுக்கு 153 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. பம்ப் ஆபரேட்டர் கேட்கிறார் என்று ஒரு கனமீட்டருக்கு 20 லிட்டர் விட்டால் அது 0.51 ஆகிவிடும், பலம் குறையும். போன பலத்தை ஈடுகட்ட அடுத்த லோடில் சிமெண்டைக் கூட்டுவார்கள். கான்கிரீட் ஓடவில்லை என்றால் பிளான்டுக்குப் போன் போட்டு அட்மிக்சர் டோஸைப் பற்றிப் பேசுங்கள்.

## பி.பி.சி.யை மூன்றே நாளில் காயவிடுவது

பி.பி.சி. என்பது ஃபிளை ஆஷ் கலந்த கலப்புச் சிமெண்ட். இந்தத் தவறைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வேலை. மிக்ஸில் சிமெண்டுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு ஃபிளை ஆஷ். சைட் இன்ஜினியர் நல்ல பிள்ளை, எவ்வளவு கார்பன் குறைந்தது என்று சார்ட் போட்டு ஒட்டியிருந்தார். தரைத்தளத்து மேற்கு வரிசைத் தூண்களில் சாக்கு சுற்றியிருந்தது. சித்திரை வெயில். ஒரு தூணின் சாக்கைக் கையால் அழுத்திப் பார்த்தேன், அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. எப்போது தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டால், "காலையில வாட்ச்மேன் ஊத்திட்டாரு சார்" என்றார். பென்சிலால் கீறினால் மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது. உடனே ஃபைலைத் திறந்து கியூப் (அதே கலவையில் சோதனைக்காக வார்த்த கட்டி) ரிப்போர்ட்டைக் காட்டினார். எல்லாம் பாஸ்.

கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த கியூப் 28 நாளும் 27 டிகிரி தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ச்சியாகக் கிடந்தது. தூணோ மறுநாளே பலகையைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அனல் காற்றில் நின்றது. கலவை சரியாக வந்ததா என்பதைத்தான் கியூப் சொல்லும். தூண் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஃபிளை ஆஷ் தானாக இறுகாது. முதலில் சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடை வெளிவிட வேண்டும். அப்புறம் அந்தச் சாம்பல் மெதுவாக அதோடு வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கும். இது வாரக்கணக்கில் நடக்கும் வேலை, ஈரம் இருந்தால்தான் நடக்கும். முதல் வாரத்திலேயே மேல்தோல் காய்ந்தால், அங்கே இருக்கும் சாம்பல் வெறும் தூசியாகத் தங்கிவிடும். தூணின் நடுப்பகுதிக்குப் பெரிய பாதிப்பில்லை. பாதிப்பெல்லாம் வெளிப்புற 40 மில்லிமீட்டரில், அதாவது கம்பியைக் காக்க வேண்டிய கவரில்.

காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் துளைகள் வழியே உள்ளே போய்க் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும். ஃபிளை ஆஷ் கலவையில் கால்சியம் ஹைட்ராக்சைடு ஏற்கெனவே குறைவு என்பதால், கவர் நெருக்கமாக இறுகாவிட்டால் இது ஓ.பி.சி.யைவிட வேகமாக நடக்கும். காரம் போனால் கம்பியின் பாதுகாப்புப் படலம் போச்சு, துருப்பிடிக்கும். துரு உப்பிக் கவரைத் தள்ளும். பழுதுபார்க்கக் கூப்பிட்ட ஒரு கட்டடத்தில் கவரைக் கொத்தி எடுத்து ஃபீனால்ப்தலீன் தெளித்தோம். காரம் இருக்கும் இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். அங்கே வெளிப்பக்கத்திலிருந்து கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை, கம்பிக்குப் பின்னால்தான் சிவப்பு ஆரம்பித்தது. கட்டி அதிக வருடம்கூட ஆகவில்லை. 60 வருடம் நிற்க வேண்டியதை 20 வருடத்தில் இடித்துக் கட்டினால், மிக்ஸில் மிச்சம் பிடித்த மூன்றில் ஒரு பங்கு எந்த மூலைக்கு?

கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, எத்தனை நாள் என்று ஐ.எஸ். 456 தெளிவாகவே சொல்கிறது: ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், அதை 14 நாளாக நீட்டிப்பது நல்லது. நம் ஊர் வெயிலுக்கு 14 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி என்பது கியூரிங்கே இல்லை, நனைத்துக் காயவைப்பது. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். தூணுக்கு நனைத்த சாக்கைச் சுற்றி, அதன் மேல் பாலிதீன் ஷீட்டை இறுக்கிக் கட்டுங்கள். ஷீட் இருந்தால் டேங்கர் தண்ணீர் செலவும் குறையும். ஆள் போக முடியாத வெளிப்பக்க பீம்களுக்குக் கியூரிங் காம்பவுண்ட் அடிக்கலாம்.

இன்னொன்று. பல ஒப்பந்தங்களில் கியூரிங் தனி ஐட்டமே இல்லை, கான்கிரீட் ரேட்டுக்குள் அடக்கம் என்று இருக்கும். காசு வராத வேலையை யார் செய்வார்கள்? கடைசியில் அது வாட்ச்மேன் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தனி ஐட்டமாகப் போடுங்கள், நாள் கணக்கில் பில் கொடுங்கள், சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று மதியம் 2 மணிக்குப் போய்த் தொட்டுப் பாருங்கள்.

## சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிப்பது

ஐ.எஸ். 456-இல் இருக்கும் முட்டு பிரிக்கும் நாட்கள் ஓ.பி.சி.க்கு எழுதப்பட்டவை. கலப்புச் சிமெண்டுக்கு அதையே வைக்காதீர்கள். தளத்தின் பக்கத்திலேயே தளத்தைப் போலவே நனைத்து வைத்த கியூபை உடைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## குளத்துச் சாம்பலை ஃபிளை ஆஷ் என்று வாங்குவது

மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் மின் நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் உலர்வாகப் பிடிக்கும் மெல்லிய சாம்பல் வேறு, தண்ணீரில் கரைத்துக் குளத்தில் கொட்டும் சாம்பல் வேறு. ஐ.எஸ். 3812 முதல் பகுதிப்படி நுண்மை, எரியிழப்பு (சூடாக்கும்போது எரிந்துபோகும் எடை) இரண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். எரியிழப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். எரியாத கரி அதிகமாக இருந்தால் அட்மிக்சரைக் குடித்துவிடும்.

## எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி

வாங்காதீர்கள்.

## பழைய ஜல்லியை உலர்ந்தபடியே கொட்டுவது

இடிபாட்டை உடைத்து எடுத்த ஜல்லியில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், அது தண்ணீரை இழுக்கும். முன்கூட்டியே நனைத்து, மேற்பரப்பு உலரவிட்டுப் போடுங்கள். ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு எம்-25 பலத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், எம்-15-க்குக் கீழான லீன் கான்கிரீட்டில் முழுவதுமாகவே அனுமதிக்கிறது. பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) படுகையில் கூடப் புது ஜல்லி போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

## கலவையில் குறைத்துவிட்டு அளவில் கோட்டை விடுவது

மேல் மாடித் தூண்களுக்கும் கீழ்த்தளத்து அளவையே வைத்துப் போவது சென்ட்ரிங்குக்கு வசதி. ஆனால் போடாமல் விட்ட ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் மிச்சமாகும் கார்பனை எந்தச் சாம்பலும் தராது. எந்தத் தூணை, எந்தத் தளத்தின் கனத்தைக் குறைக்கலாம் என்று ஸ்ட்ரக்சுரல் கன்சல்டண்டிடம் உட்கார்ந்து பேசுங்கள். டிராயிங் கையெழுத்தாவதற்கு முன்னால் பேசுங்கள், கம்பி கட்டிய பிறகு கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.