கொத்தான் எண்ணெய் காய்ச்சப் போறீங்களோ? முதல்ல அது ஏறின மரத்தைப் பாருங்கோ

முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம் வேலிப் பத்தையளில மஞ்சள் நூடில்ஸ் கொட்டின மாதிரி இலையில்லாமல் ஒரு கொடி கிடக்குமே, அதுதான் சாமான். நாங்கள் எல்லாத்தையும் கொத்தான் எண்டுதான் சொல்லுறது, ஆனா ரெண்டு சாதி இருக்கு. படக்கெண்டு அறுந்து தண்ணி கசிஞ்சா அது அம்மையார் கூந்தல், விஞ்ஞானப் பேர் கஸ்கியூட்டா. பச்சை ஓடி, நார் மாதிரி இழுபட்டு, சின்ன உருண்டைப் பழமும் இருந்தா அது மற்றது, விஞ்ஞானப் பேர் கசித்தா, கறுவாக் குடும்பம். நான் தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கு எடுக்கிறது இதைத்தான். முடக்கொத்தான் வேற, அது இலையோட ரசத்துக்குப் போறது.

1. புடுங்கிறது. இங்கதான் நான் பிழைவிட்டனான். நல்ல கொழுத்த கொடியா பாத்து ஒரு வாளி நிறையக் கொண்டு வந்தன், அம்மம்மா "எதில ஏறிக் கிடந்தது?" எண்டு மட்டும் கேட்டா, அலரியில எண்டன், வாளியோட கொட்டச் சொல்லிப்போட்டா. கொடிக்குச் சொந்தச் சாப்பாடு காணாது, உறிஞ்சிகளை மரத்துக்குள்ள குத்தி அதின்ர சாறைத்தான் குடிக்குது, மரத்தில நஞ்சிருந்தா அதுவும் கொடிக்குள்ள வரும். அலரி, எருக்கலை, ஊமத்தையில ஏறினதைத் தொடாதேங்கோ. நொச்சி, இலந்தை எண்டா நான் எடுப்பன்.

2. கழுவி ஒரு நாள் நிழல்ல உலர்த்தி உரல்ல இடியுங்கோ. கிரைண்டர் வேண்டாம், பிளேட்டில தலைமயிர் மாதிரிச் சுத்திக்கொள்ளும்.

3. ரெண்டு கைபிடிக்கு அரை லீற்றர் தேங்காயெண்ணெய், இரும்புத் தாச்சி, மெல்லிய நெருப்பு. அடியில வண்டல் முதல் சேறு மாதிரி, பிறகு மெழுகு மாதிரி, கடைசியா மணல் மாதிரி வரும், சேறா இருக்கேக்க இறக்கித்தான் என்ர முதல் போத்தல் ரெண்டாம் கிழமை பூஞ்சணம் பிடிச்சது. வண்டலில கொஞ்சம் திரியில தடவிக் கொளுத்துங்கோ, சடசடத்தா இன்னும் தண்ணி இருக்கு.

4. ஆற விட்டு வடிச்சு கண்ணாடிப் போத்தல்ல. பிளாஸ்டிக்கில ஊத்தாதேங்கோ.

முடி வளருமோ எண்டு கேட்டா, எனக்குத் தலை குளிர்ச்சியா இருக்கு, அவ்வளவுதான் சொல்லுவன். அந்தக்கால வைத்தியர்மார் மஞ்சக்காமாலைக்கு அம்மையார் கூந்தலைக் குடிக்கவும் குடுத்திருக்கினம், அது அவையின்ர கைப்பக்குவம், நீங்கள் குடிக்காதேங்கோ.

பிறகு சேர்த்தது: ஒரு அக்கா மிச்சக் கொடியை செவ்வரத்தைக்குக் கீழ எறிஞ்சவவாம், இப்ப மரம் முழுக்க மஞ்சள் எண்டு எழுதியிருக்கிறா. அம்மையார் கூந்தலில அரை விரல் துண்டு காணும் திரும்ப ஏற. ஏறின கொப்பை வெட்டி எரியுங்கோ அக்கா, இழுத்துப் பிரிக்கப் போனா துண்டு துண்டா விழுந்து பக்கத்து மரத்துக்கும் போகும்.