கேபின் வேறு, மேசை ஒன்று: கப்பல் பயணத்தில் சேர்ந்து சாப்பிட வழி

அண்ணன் குடும்பம் சூட்டில் (கூடுதல் விலையுள்ள பெரிய அறை), தம்பி குடும்பம் ஜன்னல் இல்லாத உள்கேபினில் என்று ஒரே கப்பலில் பயணம் போவது சகஜம். பணம் கட்டும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி, முதல் நாள் இரவு உணவக வாசலில் வந்து நிற்கும்: இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரலாமா?

உட்காரலாம். ஆனால் மேல்நிலைக் கேபின்காரர் பொது உணவகத்துக்கு இறங்கி வரலாமே தவிர, கீழ்நிலைக் கேபின்காரர் சூட்காரர்களின் தனி உணவகத்துக்கு ஏறிப் போக முடியாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துத் திட்டமிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

படி 1: யாருக்கு எந்த உணவகம் என்று பாருங்கள்

கேபின் நிலையைப் பொறுத்து உணவகத்தைப் பிரிக்கும் வழக்கம் எல்லாக் கப்பல்களிலும் இல்லை. கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் எந்தக் கேபினாக இருந்தாலும் பிரதான உணவகம் ஒன்றுதான். நீங்கள் நேராகப் படி 2-க்குப் போகலாம்.

பிரிவு மிகத் தெளிவாக இருப்பது குனார்டு நிறுவனத்தின் கப்பல்களில். சாதாரணக் கேபின்களுக்குப் பிரிட்டானியா உணவகம், அதற்கு அடுத்த நிலைக்குப் பிரிட்டானியா கிளப், சூட்களுக்குப் பிரின்சஸ் கிரில், உச்சநிலை சூட்களுக்குக் குயின்ஸ் கிரில். செலிப்ரிட்டியில் அக்வா கிளாஸ் கேபின்காரர்களுக்கு ப்ளூ, சூட்காரர்களுக்கு லுமினே. ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் மேல்நிலை சூட்களுக்குக் கோஸ்டல் கிச்சன். நார்வீஜியனில் ஹேவன், எம்எஸ்சியில் யாட் கிளப் என்ற மேல்நிலைக் கேபின் பகுதிகளுக்குத் தனி உணவகம் உண்டு.

வாசலில் சாவி அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். "கூட ஒருவர்தானே, காசு கொடுத்துவிடுகிறோம்" என்றாலும் பெரும்பாலும் நடக்காது. இதைப் பணியாளரின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். அந்த உணவகத்தில் எத்தனை நாற்காலி போடுவது என்பதே சூட்களின் எண்ணிக்கையை வைத்து முடிவானது. குனார்டின் கிரில்களில் பயணம் முழுவதற்கும் ஆளுக்கொரு மேசை ஒதுக்கப்பட்டிருக்கும்; அவர்கள் எந்த நேரம் வந்தாலும் அது காத்திருக்க வேண்டும். கூடுதலாக ஒருவரை உட்கார வைத்தால் இன்னொருவருடைய இடம் போகும்.

(இந்தப் பிரிவு பழைய வழக்கம்தான். 1912-இல் டைட்டானிக்கின் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உணவுக்கூடங்கள் இரண்டும் டி தளத்திலேயே இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரே சமையற்கூடம்தான் இரு பக்கமும் பரிமாறியது. சமையற்கட்டு ஒன்று, பந்தி இரண்டு.)

படி 2: புக்கிங்குகளை இணையுங்கள்

தனித்தனியாக டிக்கெட் எடுத்தவர்கள் ஒரே குடும்பம் என்று கப்பல் நிறுவனத்துக்குத் தெரியாது. நிறுவனத்துக்கோ முகவருக்கோ போன் செய்து, எல்லோருடைய புக்கிங் எண்ணையும் பெயரையும் கொடுத்து, "இவற்றை இணைத்து, இரவு உணவுக்கு ஒரே மேசை தாருங்கள்" என்று கேளுங்கள். இணைத்ததும் ஒவ்வொருவருடைய உறுதிப்படுத்தல் கடிதத்திலும் அந்தக் குறிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே பலர் சறுக்குவது நேரத்தில். பல கப்பல்களின் பிரதான உணவகத்தில் இரண்டு வகை ஏற்பாடு இருக்கும்: ஒன்று, தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர், மற்றது, விரும்பிய நேரத்துக்குப் போவது. குனார்டின் பிரிட்டானியாவில் முதல் பந்தி பொதுவாக மாலை 6 மணிக்கு, இரண்டாவது 8.30-க்கு. ஒரு குடும்பம் முதல் பந்தியிலும் மற்றொன்று இரண்டாவதிலும் பதிந்திருந்தால், எத்தனை முறை இணைத்தாலும் ஒரே மேசை கிடைக்காது. முதலில் நேரத்தை ஒன்றாக்குங்கள், பிறகு மேசையைக் கேளுங்கள். முதல் பந்தி சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் புக்கிங் அன்றே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று: சூட்காரருக்குத் தனி உணவகம் இருப்பதால் பிரதான உணவகத்தில் அவர் பெயரில் நாற்காலி இல்லாமல் இருக்கலாம். "நான்தான் மேல்நிலை, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்" என்று நேராகப் போனால், தம்பியின் மேசையில் காலியிடம் இல்லாமல் திரும்ப வேண்டியிருக்கும். எந்தெந்த இரவு கீழே வருகிறார் என்று தேதியோடு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

படி 3: கப்பல் ஏறிய அன்று உணவக மேலாளரைப் பாருங்கள்

கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் இதைத் தவறவிடாதீர்கள். பல கப்பல்களில் ஏறும் நாள் பிற்பகலில் மேசை மாற்றங்களுக்கென்றே நேரம் ஒதுக்குவார்கள்; அன்றைய நிகழ்ச்சிநிரலிலோ ஆப்பிலோ அது இருக்கும். மேலாளரிடம் நீட்டிக் கதை சொல்ல வேண்டாம். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்: கேபின் எண்கள், மொத்தம் எத்தனை பேர், எந்த இரவுகள், யாருக்கு என்ன உணவு ஒவ்வாமை. மறுபடி மறுபடி கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்காது. சீட்டு உங்கள் பரிமாறுபவர் கைக்கும் போகும்.

ஒவ்வாமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூட் உணவகத்தில் சொல்லிவைத்தது பிரதான உணவகத்துக்குத் தானாக வந்துசேரும் என்று நம்பி இருக்காதீர்கள். இடம் மாறும் ஒவ்வொரு இரவும் மறுபடி சொல்லுங்கள்.

பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஒரே மேசைக்குப் பிடிவாதம் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து மேசைகள் இரண்டு கேளுங்கள், கிடைப்பது எளிது.

படி 4: இரவுகளைப் பங்கிடுங்கள்

ஏழு இரவுப் பயணம் என்றால் எங்கள் கணக்கு இது: பிரதான உணவகத்தில் மூன்று இரவு, கட்டண உணவகத்தில் ஒன்று, சூட்டிலேயே ஒன்று, மீதி இரண்டு இரவு அவரவர் இடத்தில். எல்லா இரவும் சேர்ந்தே சாப்பிட வேண்டும் என்று வைத்தால், சூட்காரர் பணம் கட்டி வாங்கிய உணவகத்தைப் பார்க்காமலே இறங்குவார். அந்த மனத்தாங்கல் நாலாம் நாள் வெளியே வரும். பஃபே எல்லோருக்கும் பொது என்பதால் காலையும் மதியமும் அங்கே கூடிக்கொள்ளலாம்.

கட்டண உணவகங்களில் கேபின் நிலை பார்ப்பதில்லை. சில நிறுவனங்கள் சூட்காரர்களுக்கு முன்பதிவை முன்னதாகவே திறந்துவிடும். அதனால் எல்லோருக்குமான மேசையை அவர் பெயரில் போடுங்கள். அவருடைய பேக்கேஜில் இந்த உணவு இலவசமாக இருந்தாலும் மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. யார் கொடுப்பது என்பதை மேசையில் உட்காரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சூட்டில் விருந்து வைப்பதுதான் கீழ்நிலைக் கேபின்காரர் மேலே போக நல்ல வழி. பட்லர் (சூட்டைக் கவனிக்கும் தனிப் பணியாளர்) இருக்கும் சூட்களில் உணவக மெனுவிலிருந்தே வரவழைத்து, சூப், முதன்மை உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாகப் பரிமாறச் சொல்லலாம். விருந்தினர் எத்தனை பேர் என்று காலையிலேயே பட்லரிடம் சொல்லி, அனுமதி உண்டா என்று கேளுங்கள். மேசையும் நாற்காலியும் வெளியிலிருந்து வர வேண்டும். ஒவ்வொருவர் என்ன சாப்பிடுவார் என்பதும் அவருக்கு முன்பே தெரிய வேண்டும்.

படி 5: மேசையில் கவனிக்க வேண்டியவை

மெனு அந்த உணவகத்துடையது மட்டுமே. சூட் உணவகத்தின் உணவைக் கீழே கொண்டுவரச் சொல்ல முடியாது.

பானப் பேக்கேஜ் ஆளுக்கானது, பங்கிட முடியாது. சூட்காரர் தன் கணக்கில் எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் பேக்கேஜே ரத்தாகலாம். முழு பாட்டில் வைன் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. மிச்சத்தை மூடிக் கேபின் எண் ஒட்டி வைத்து மறுநாள் கொடுப்பார்கள்.

உடை விதி உணவகத்துக்கு உணவகம், இரவுக்கு இரவு மாறும். குனார்டின் காலா இரவுகளில் (முறையான உடை அணிந்து வரும் இரவுகள்) ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிறக் கோட்டு-பேண்ட் எதிர்பார்ப்பார்கள். ஒருவரிடம் அது இல்லையென்றால் மொத்த மேசையும் கலையும்; சேர்ந்து சாப்பிடச் சாதாரண உடை இரவையே தேர்ந்தெடுங்கள்.

கடைசி இரவைக் கூட்டு விருந்துக்கு வைக்காதீர்கள். பெட்டிகளை அன்றிரவே கேபின் வாசலில் வைக்க வேண்டியிருக்கும், இரண்டாம் பந்தி முடியவே 10 மணி தாண்டும். வேறு இரவு அமையவில்லையென்றால் முதல் பந்தியைக் கேளுங்கள். மறுநாள் இறங்கும்போது போடும் துணியைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் தனியே எடுத்து வையுங்கள்.