பி.டி.எஸ். முடித்து அமெரிக்கா வருகிறீர்களா? டோஃபலை முதலில் எழுதாதீர்கள்

கல்யாணமாகி, கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து இறங்கும், பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டம் வாங்கிய பெண்கள் இங்குள்ள பல் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எவ்வளவு ஸ்கோர் எடுத்தா சீட் கிடைக்கும்?" என்பதுதான். நீட், ரேங்க், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பழகிய நமக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்? 2020 கடைசியில் நியூஜெர்சிக்கு வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன்.

டாட் என்ற நுழைவுத் தேர்வைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது இங்கேயே கல்லூரி படித்துவிட்டு நான்கு வருடப் பல் மருத்துவத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கானது. ஏற்கெனவே பட்டம் வாங்கிய நமக்கு இரண்டு, மூன்று வருட அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்பு இருக்கிறது. அதற்குக் காபிட் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியப் பல் மருத்துவ எழுத்துத் தேர்வில் பாஸ், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் ஈ.சி.ஈ. நிறுவனத்திடமிருந்து மதிப்பெண் பட்டியலுக்கு மதிப்பீடு ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். ஈ.சி.ஈ.க்கு நம் பல்கலைக்கழகமே நேரடியாக டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும். எனக்காகக் கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அப்பாதான் அலைந்தார். நீங்கள் விமானம் ஏறும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

இப்போது நான் அடிபட்ட கதை. ஆங்கிலம் சுலபம்தானே என்று 2021 பிப்ரவரியில் டோஃபலை எழுதி முடித்தேன். அப்போது 120க்கு 104. சந்தோஷமாக ஐ.என்.பி.டி.இ.க்கு உட்கார்ந்தேன். "தொண்ணூறுக்கு மேல வாங்கினாத்தான் கூப்பிடுவாங்க" என்று என் காலேஜ் சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது ஐ.என்.பி.டி.இ.க்கு முன்பிருந்த பழைய போர்டு தேர்வின் கதை. அதிலேயே 2012 முதல் மதிப்பெண் தருவதை நிறுத்தி, பாஸ் அல்லது ஃபெயில் என்று ஆக்கிவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ஐ.என்.பி.டி.இ.யும் அப்படித்தான். இது தெரியாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல், ஒரு வரி விடாமல் படித்தேன். தீபாவளிக்குக்கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. 2022 நவம்பரில் இரண்டு நாளாக 500 கேள்விகளை எழுதினேன். முடிவு வந்தபோது அதில் இருந்தது 'பாஸ்' என்ற ஒரே சொல். மூன்று மாதம் முன்னால் எழுதியிருந்தாலும் அதே சொல்தான் வந்திருக்கும்.

அதோடு போகவில்லை. டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். 2023 மார்ச்சில் காபிட் திறந்தபோது என் 104 காலாவதியாகியிருந்தது. அவசரமாக மறுபடி எழுதினேன். பேச்சுப் பகுதியில் சறுக்கி மொத்தம் 96 வந்தது. நான் குறிவைத்திருந்த கல்லூரிகள் 100 கேட்டன. அந்த வருடம் ஒரு நேர்முகம்கூட வரவில்லை. அன்றைக்கு அம்மாவிடம் போனில் "ஒண்ணுமில்லம்மா, சளி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சென்னையில் மூன்று வருடம் கிளினிக் பார்த்தவள் நான். என் கை மறந்துபோய்விடுமோ என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

அதனால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஈ.சி.ஈ., அடுத்து ஐ.என்.பி.டி.இ., அதன் முடிவு கைக்கு வந்த பிறகு டோஃபல். விண்ணப்பிக்கப்போகும் மார்ச்சுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் டோஃபல் எழுதினால் சரியாக இருக்கும். குறைந்தால் இன்னொரு முறை எழுதவும் நேரம் கிடைக்கும். எண்ணாக மதிப்பெண் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஏ-டாட் தேர்வு இருக்கிறது, 200 முதல் 800 வரை. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதைக் கேட்பதில்லை. உங்கள் பட்டியலில் உள்ளவை கேட்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாஸ் என்ற சொல் எல்லோரிடமும் இருப்பதால், பி.டி.எஸ். மதிப்பெண், இங்குள்ள கிளினிக் அனுபவம், பரிந்துரைக் கடிதம், நேர்முகம் இவற்றில்தான் ஆளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பல கல்லூரிகளில் பெஞ்ச் டெஸ்ட் என்ற செய்முறைத் தேர்வும் உண்டு. டைப்போடான்ட் என்ற செயற்கைத் தாடையில் கிரவுன் பிரிப்பரேஷன், அதாவது உறை மாட்டுவதற்காகப் பல்லை வெட்டிச் சீராக்கும் வேலையைச் செய்யச் சொல்வார்கள். அங்கே நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து நோயாளியின் வாயில் வேலை பார்த்த கை இது. 2024இல் என்னைத் தேர்ந்தெடுத்த கல்லூரியில் என் டோஃபல் 101தான். பேராசிரியர் நான் வெட்டிய பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே பயிற்சி எடுத்தாய்?" என்று கேட்டார். சென்னை என்றேன்.